ஐந்துக்கு மூன்றரை: பட்டா வேலைக்குக் கிருஷ்ணகிரி போய்வருவது

பெங்களூரில் குடியிருந்துகொண்டு கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு துண்டு நிலம் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்ரீராமபுரத்தில் எங்கள் தெருவிலேயே அப்படி நாலைந்து குடும்பம் உண்டு. "நீ போய்ட்டு வந்தியே, எப்படி இருந்துச்சு?" என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஊரைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. அரசாங்க வேலை முடிக்கும் இடமாகக் கிருஷ்ணகிரி எப்படி என்று மட்டும்தான், ஐந்துக்கு மதிப்பெண் போட்டுச் சொல்லப்போகிறேன்.

நான் கலாசிபாளையத்தில் ஒரு லாரி ஆபீசில் கணக்கு எழுதுகிறவள். எங்கள் வீட்டில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த கடைசி ஆளும் நான்தான். தம்பி கன்னட மீடியம், என் பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியம். அதனால் அப்பாவின் நிலத்து வேலை தானாக என் தலையில் வந்து விழுந்தது. நிலம் காவேரிப்பட்டணம் பக்கத்தில் இருக்கிறது. வேலை இரண்டு. ஒன்று, பட்டாவில் அப்பாவின் தகப்பனார் பெயர் வேறு யாருடையதோ ஆகிக் கிடந்ததைத் திருத்துவது. இன்னொன்று, அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்திருக்கும் கூட்டுப் பட்டாவை இரண்டாகப் பிரிப்பது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாதி வேலையைப் பெங்களூரிலேயே, கட்டிலில் உட்கார்ந்தபடி செல்போனில் முடித்துவிடலாம். இது தெரியாமல் பஸ் ஏறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டா நகல் இலவசமாக வரும். பெங்களூர் நம்பருக்கே ஓ.டி.பி. வந்துவிடுகிறது. பட்டாவும் சிட்டாவும் இப்போது ஒரே தாள்தான். வயலின் அளவுப் படமான புலப்படமும் அங்கேயே கிடைக்கிறது. வில்லங்கம் பார்க்கப் பதிவுத்துறையின் தளம் தனி. 1975க்குப் பிறகான பதிவுகளை அதில் பார்க்கலாம். அதற்கு முந்தையது வேண்டுமென்றால் பழைய புத்தகத்தில் தேடித்தரச் சொல்லி மனுப் போட வேண்டும். இந்தப் பகுதிக்கு நான் தாராளமாக நாலரை கொடுப்பேன். கர்நாடகத்தில் நிலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றிய பூமி திட்டம் 2000 வாக்கிலேயே வந்துவிட்டது என்று நம் ஊர்க்காரர்கள் பெருமை பேசுவார்கள். சரிதான். ஆனால் வயலின் அளவுப் படத்தை வீட்டிலிருந்தபடியே எடுக்க முடிவது எனக்குத் தமிழ்நாட்டில்தான் பெரிய விஷயமாகப் பட்டது.

கர்நாடகத்து நிலப் பதிவுத் தாளான பஹணியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தமிழ்நாட்டுப் பட்டா முதலில் குழப்பும். நமக்கு ஏக்கர், குண்டே. அங்கே பேச்சில் ஏக்கர், சென்ட். தாளில் ஹெக்டேர், ஏர். பட்டாவில் 0.40.50 என்று போட்டிருந்தால் பயப்படாதீர்கள், அது நாற்பதரை ஏர், கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். ஒரு குண்டே என்பது இரண்டரை சென்ட். என் தம்பி முதல் தடவை அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "பாதி நிலத்த யாரோ தின்னுட்டாங்கக்கா" என்று போனில் கத்தினான்.

இனி ஊர். பெங்களூரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். சாந்திநகரில் ஏறலாம், சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி, அத்திப்பள்ளி எங்கேயும் ஏறலாம். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்த பிறகு பொம்மசந்திரா வரை ரயிலில் போய் அங்கே பஸ் பிடிப்பது எனக்குத் தோதாக இருக்கிறது. சில்க் போர்டில் நின்று சாகும் நேரம் மிச்சம். காசு மிச்சம் பிடிக்க நினைக்கும் பெண்கள் அத்திப்பள்ளி வரை பி.எம்.டி.சி. டவுன் பஸ்ஸில், கர்நாடக அரசின் சக்தித் திட்டத்தில் இலவசமாகவே போகலாம். ஆதாரில் கர்நாடக முகவரி இருந்தால் போதும். எல்லை தாண்டினால் அந்தச் சலுகை கிடையாது. இத்தனை நெடுஞ்சாலை கூடும் ஊர், ஆனால் ரயில் நிலையம் கிடையாது. எல்லாம் பஸ்தான்.

பஸ்ஸில் ஒரு சிக்கல் உண்டு. சேலம், மதுரை போகிற தூரத்து வண்டிகள் பல ஊருக்குள் வருவதில்லை. ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். "ஸ்டாண்டுக்கு உள்ள போகாதும்மா, பைபாஸ்ல எறக்கி விட்டுர்றேன்" என்பார். பைபாஸில் இறங்கினால் வெயிலில் சர்வீஸ் ரோட்டில் நடந்து ஆட்டோ தேட வேண்டும். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் கிருஷ்ணகிரியோடு நிற்கிற வண்டியையோ, தருமபுரி, திருப்பத்தூர் வண்டியையோ பார்த்து ஏறுங்கள். கொஞ்சம் தாமதமானாலும் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடும். காவிரிப் பிரச்சினை சூடாக இருக்கும் நாட்களில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. வண்டிகள் ஓசூரோடு நின்றுவிடும், அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம் நாம் நிற்போம். செய்தி பார்க்காமல் கிளம்பக் கூடாது.

எந்த நாளில் போவது என்பதில்தான் பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது, யாரும் சொல்லித் தராத லாபம். நவம்பர் 1 ராஜ்யோத்சவத்துக்கு நமக்கு லீவு, அவர்களுக்கு வேலை நாள். கனக ஜெயந்தி, பசவ ஜெயந்தியும் அப்படித்தான். லாரி ஆபீசில் லீவு சொல்லாமல் போய்வரலாம். தலைகீழாகவும் உண்டு: பொங்கலுக்கு அங்கே தொடர்ந்து விடுமுறை, நமக்குச் சங்கராந்தி ஒரே நாள். அப்புறம் சனிக்கிழமை. கர்நாடகத்தில் இரண்டாவது, நாலாவது சனி மட்டும்தான் லீவு. அங்கே தாலுகா, கலெக்டர் ஆபீஸ்களுக்கு எல்லாச் சனியும் லீவு. எதிர்வீட்டு மாமி முதல் சனிக்கிழமை போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு மாம்பழம் வாங்கிக்கொண்டு திரும்பினார். முகூர்த்த நாட்களில் பத்திரப் பதிவு அலுவலகங்களில் கூட்டம் அள்ளும். பதிவு வேலை இல்லாதவர்கள்கூட அன்றைக்குப் போக வேண்டாம், ஊரில் ஆட்டோவே கிடைக்காது.

கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரானது 2004 பிப்ரவரியில்தான். அதற்கு முன்னால் தருமபுரி மாவட்டம். தருமபுரியே 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது. எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இந்த வரலாறு முழுவதும் இருக்கிறது. தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தில் சேலம் ஜில்லா, அப்பா பாகம் பிரித்த பத்திரத்தில் தருமபுரி மாவட்டம், இப்போதைய பட்டாவில் கிருஷ்ணகிரி மாவட்டம். நிலம் ஒரு அடிகூட நகரவில்லை. இதைச் சும்மா சொல்லவில்லை, இதனால் வேலை கூடுகிறது. மூன்று பத்திரமும் ஒரே நிலத்தைத்தான் சொல்கின்றன என்று காட்டப் பழைய சர்வே எண், புதிய சர்வே எண் இரண்டையும் இணைத்துக் காட்ட வேண்டும். போகும்போது அந்தப் பழுப்புத் தாள்களையும் கையோடு எடுத்துப் போங்கள். ஜெராக்ஸ் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். அப்பாவுக்கு மட்டும் இதில் திருப்தி. "தருமபுரிக்குப் போயி ராத்திரி பஸ் ஸ்டாண்டுலயே படுத்துக் கெடந்திருக்கோம், இப்பப் பாதி தூரத்துல முடியுது, அதுக்கு என்ன குறை?" என்கிறார். அவரைக் கேட்டால் ஐந்துக்கு ஐந்து.

ஓசூரிலேயே முடிக்கக் கூடாதா என்று கேட்கிறவர்கள் நிறைய. ஓசூர் பெரிய ஊர், 2019இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. தொழிற்சாலை, பணம், பெங்களூர்ப் பழக்கம் எல்லாம் அங்கேதான். கிருஷ்ணகிரி இன்னும் நகராட்சி, 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 71,000 சொச்சம். ஆனாலும் கலெக்டர் இருப்பது இங்கே. உங்கள் நிலம் ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி, அஞ்செட்டி வட்டங்களில் இருந்தால் ஓசூர் சார் ஆட்சியர் அலுவலகம்தான் உங்களுக்கு. பெரும்பாலான வேலைக்குக் கிருஷ்ணகிரி வர வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி, பர்கூர், போச்சம்பள்ளி, ஊத்தங்கரை என்றால் இங்கே வராமல் முடியாது.

சேவையின் தரத்துக்கு வருகிறேன். கூட்டுப் பட்டா பிரிக்க இ-சேவை மையம் வழியாகவோ இணையத்திலோ விண்ணப்பிக்கலாம். மையத்தில் கட்டணம் 60 ரூபாய், உட்பிரிவு செய்ய அளவைக் கட்டணம் தனி. அந்த ஊர்ப் பக்கம் ஒரு கணினி மையத்தில் என்னிடம் 300 கேட்டார்கள். பெயர் வேண்டாம். "எதுக்கு அண்ணா முந்நூறு?" என்று கேட்டதும், "ஸ்கேன், பிரிண்ட், அலைச்சல்" என்று பட்டியல் போட்டார். ரசீது கேட்டேன். அலைச்சலுக்கு ரசீது கிடையாதாம். எழுந்து வேறு இடம் போனேன், அங்கே சொன்ன கட்டணத்தில் முடிந்தது. வாசலில் கட்டணப் பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள், அவ்வளவுதான்.

பெயர் திருத்தம்தான் இழுத்தது. 1980களில் நில உடைமைப் பதிவுகளை எல்லாம் புதுப்பித்தார்கள். கிராமத்தில் எல்லாரும் யூ.டி.ஆர். என்றே சொல்வார்கள். அப்போது கைப்பட எழுதியவர்கள் போட்ட பிழை நாற்பது வருஷம் கழித்து இன்றைக்குக் கணினித் திரையில் அப்படியே நிற்கிறது. யாருக்கும் நிலத்தை விற்கவோ பிரிக்கவோ தேவை வராதவரை கண்ணில் படாது. யூ.டி.ஆர். பிழை என்றால் சில சமயம் மனு தாசில்தாரோடு நிற்காமல் மேலே கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் வரை போகும். ஒரு கவுன்ட்டரில் மனுவை வாங்கி மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, இது இங்கே இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. எந்தக் கவுன்ட்டர் என்று எழுதப்போவதில்லை, எந்த ஊரிலும் அப்படி ஒரு கவுன்ட்டர் இருக்கும். எனக்கு எரிச்சல் என்னவென்றால், தெரியாது என்று சொல்வதற்கு முக்கால் மணி நேரம் நிற்க வைத்ததுதான்.

இந்த இடத்தில்தான் சின்ன ஊரின் நல்ல பக்கத்தைப் பார்த்தேன். வெளியே மரத்தடியில் மனு எழுதித் தருகிற பெரியவர் ஒருவர், மடியில் அட்டை, காதில் பேனா. என் முகத்தைப் பார்த்தே, "என்னம்மா, திருப்பி அனுப்பிட்டாங்களா? குடு" என்று தாளை வாங்கினார். படித்தார். நான் தட்டச்சு செய்துகொண்டு போன மனு இரண்டு பக்கம், எங்கள் குடும்ப வரலாறு முழுவதும் அதில் இருந்தது. அவர் அதை எட்டு வரியாக்கினார். சர்வே எண், பட்டா எண், தவறான பெயர், சரியான பெயர், ஆதாரமாக எந்தப் பத்திரம், எந்த வருஷம். மேலே யாருக்கு என்ற இடத்தில் பதவியை மாற்றினார். நூறு ரூபாய் கொடுத்தேன். "பெங்களூரா? எந்த ஏரியா?" என்றார். ஸ்ரீராமபுரம் என்றதும் அவருடைய மச்சான் பின்னி மில்லில் வேலை பார்த்த கதை ஆரம்பித்தது. மில் மூடியது வரை கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

பெங்களூரில் இந்த மாதிரி ஆளிடம் நான் சிக்கியதில்லை. அங்கே டோக்கன் இயந்திரம் இருக்கிறது, ஏ.சி. இருக்கிறது, என்ன தப்பு என்று சொல்ல ஆள் இல்லை. இங்கே ஜெராக்ஸ் கடைப் பையனுக்குக்கூட எந்த விண்ணப்பத்துக்கு என்ன இணைக்க வேண்டும் என்று தெரிகிறது. "அக்கா, ஆதார் ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல போட்றட்டுமா? தனித்தனியாக் கொடுத்தா உள்ள வாங்க மாட்டாங்க." இந்த ஒரு வரிக்கு நான் அரை மதிப்பெண் கூட்டிப் போட்டேன்.

அதே சின்ன ஊர்த்தனம் காலையும் வாருகிறது. ஒரு வேலைக்கு ஒரே ஒரு ஆள். அவர் பயிற்சிக்குப் போனால், கோர்ட்டுக்குப் போனால், வீட்டில் விசேஷம் என்றால், அந்த நாற்காலி காலி, நம் நாளும் காலி. கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தி நடக்கும் நாட்களில் பாதிப் பேர் அங்கே போய்விடுவார்கள். முடிந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் முன்கூட்டிப் பேசி, அவரிடமே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். எங்களுக்குச் சித்தப்பா அங்கேயே இருப்பது உதவியாக இருந்தது. "பாப்பா, இன்னைக்கு வராத, சார் சேலம் போயிட்டாரு" என்று காலை ஆறு மணிக்கு அவர் போட்ட போன் எனக்கு ஒரு நாள் சம்பளத்தைக் காப்பாற்றியது. ஊரில் யாரும் இல்லாதவர்களுக்கு இந்த ஊர் மூன்று மதிப்பெண்ணுக்கு மேல் தேறாது.

கலெக்டர் அலுவலகம் ஊருக்கு வெளியே தள்ளி இருக்கிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள், மனுவோடு யார் வேண்டுமானாலும் போகலாம். போனால் பையைச் சோதிப்பார்கள், தண்ணீர் பாட்டிலைத் திறந்து மோந்துகூடப் பார்ப்பார்கள். 2017இல் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்த பிறகு தமிழ்நாடு முழுக்க இந்தச் சோதனை இறுகிவிட்டது. கோபப்படாமல் திறந்து காட்டுங்கள். மனுவுக்குப் பதிவு எண் தருவார்கள், அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பட்டா வேலைக்கு முதலிலேயே இங்கே ஓட வேண்டாம் என்பது என் கருத்து. மனு சுற்றிக்கொண்டு அதே தாசில்தார் மேஜைக்குத்தான் வரும். அங்கே முடியவில்லை என்றால் அப்புறம் திங்கட்கிழமையைப் பிடியுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் சித்தி கோபித்துக்கொள்வார். மதியம் அரசு அலுவலர்களும் மனுக்காரர்களும் ஒரே மெஸ்ஸில்தான் சாப்பிடுகிறார்கள். ராகிக் களி உருண்டையும் கீரைக் கடைசலும் வைக்கிற இடமாகத் தேடிப் போங்கள். நம்மூர் முத்தே சாப்பிட்டவர்களுக்கு இந்தக் களி அந்நியமாகத் தெரியாது, சாரு மட்டும் வேறு. காவேரிப்பட்டணம் பக்கம் போனால் தட்டை மாதிரியான நிப்பட் வாங்காமல் வரக் கூடாது. மே, ஜூனில் போனால் செந்தூரா மாம்பழம். பெரிய மண்டிகளில் பேரம் படியாது, சாலை ஓரத்தில் தோட்டத்துக்காரர்களே வைத்து விற்பார்கள், அவர்களிடம் வாங்குங்கள். மல்லேசுவரத்தில் கேட்கும் விலையை அவர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அலுவலகங்களுக்குப் பக்கத்தில் கழிப்பறையை நம்ப முடியாது. சாப்பிடும் மெஸ்ஸிலேயே கேட்டுப் போய்விட்டு வந்துவிடுங்கள்.

வேலை நடுவில் ஒரு மத்தியானம் சும்மா கிடைத்தது. சித்தப்பா நிலத்தைக் காட்டக் கூட்டிப்போனார். கே.ஆர்.பி. அணை என்கிற கிருஷ்ணகிரி அணையின் கால்வாய்த் தண்ணீர் பாயும் 9,012 ஏக்கரில் எங்களுடையது ஒரு ஓரம். தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து வருகிறது. வழியில் நம் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவையும் வாங்கிக்கொண்டுதான் ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கும், அதற்குக் கீழே இந்த அணைக்கும் வருகிறது. கெலவரப்பள்ளியில் நுரை பொங்குகிற படத்தை நீங்களும் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். "உங்க ஊருல துணி தொவைக்கிற சோப்பு எங்களுக்கு இலவசம்" என்றார் சித்தப்பா. கிருஷ்ணகிரிக்கு நான் மதிப்பெண் போடுவதைக் கேட்டால், பெங்களூருக்கு அவர் என்ன போடுவார் என்று யோசித்தேன். கேட்கவில்லை.

திரும்பும்போது நாலு மணிக்கு முன்னால் பஸ் ஏறிவிடுங்கள். ஐந்தைத் தாண்டினால் எலக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி விடுகிற கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். பொம்மசந்திராவில் இறங்கி மெட்ரோ பிடித்தால் பாதி தலைவலி போகும்.

இதுவரை நடந்தது: பெயர் திருத்தம் முடிந்துவிட்டது, புதிய பட்டா நகலில் தாத்தாவின் பெயர் சரியாக வந்திருக்கிறது. க்யூ.ஆர். கோடு வைத்து நானே சரிபார்த்தேன். அப்பா அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறார், வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. உட்பிரிவுக்கு விண்ணப்பித்தாகிவிட்டது, சர்வேயர் வரும் தேதி இன்னும் வரவில்லை. அளக்கிற அன்றைக்குப் பக்கத்து வயல்காரர்களும் இருக்க வேண்டும் என்று சித்தப்பா இப்போதிருந்தே ஒவ்வொருவரிடமும் பேசிக்கொண்டிருக்கிறார். அளந்து கல் நட்ட பிறகு அந்தப் பகுதிக்குத் தனியாக மதிப்பெண் போடுகிறேன்.